பிட்ச் பெடல் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. கிட்டார் வாசிக்காதவங்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம். பொட்டி தட்டுற கும்பல்ல இருக்கறவங்களுக்கு நடுவுல ஒரு சர்க்குலர் பஃபர் கதையும் இருக்கு :)

விஷயம் இதுதான். கிட்டார்ல நாம வாசிக்கற ஸ்வரத்தை மேலயோ கீழயோ நகர்த்திக் கொடுக்கற பெட்டிக்குப் பேர் பிட்ச் பெடல். காலால மிதிக்கறது, சுவிட்ச் மட்டும் இருக்கறது, ரெண்டு குரலா சேர்த்துக் கொடுக்கறதுன்னு பல வகை. சம்பளம் வந்த முதல் வருஷம் கிட்டார் வாங்கறோம், ரெண்டாவது வருஷம் டிஸ்டார்ஷன், டிலே எல்லாம் வாங்கறோம், மூணாவது வருஷம் ராத்திரி 2 மணிக்கு யூட்யூப்ல டாம் மொரெல்லோ வாசிக்கறதைப் பார்த்துட்டு "எனக்கும் இது வேணும்"னு கூடையில போட்டுடறோம். நம்ம ஆபீஸ்லயே இப்படி மூணு பேர் இருக்காங்க. மூணு பேர் வீட்டுலயும் அந்தப் பெட்டி அட்டைப் பெட்டிக்குள்ள தூங்குது. தப்பு பெடல் மேல இல்லை. எந்த வேலைக்கு எந்தப் பெடல்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல. கடைக்காரரும் சொல்ல மாட்டார், அவருக்கு விக்கணும்.

என் கட்சி என்னன்னு இங்கயே போட்டு உடைச்சிடறேன். நம்ம ஊர்ல, பாட்டுக்குப் பின்னாடி நின்னு வாசிக்கற ஆளுக்கு, பிட்ச் பெடல் வகையிலேயே உண்மையா உபயோகமானது அந்த ஆட்டம் போடற கால்பெடல் இல்லை. சத்தமில்லாம மொத்த கிட்டாரையும் ரெண்டு மூணு ஸ்தானம் இறக்கிக் கொடுக்கற சின்னப் பெட்டிதான். கேட்கவே சப்புன்னு இருக்குல்ல? அதனாலதான் யாரும் வாங்கறதில்லை.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துடலாம். அது புரிஞ்சா எதை வாங்கணும்ங்கறது தானா புரியும்.

டேப் ரெக்கார்டர்ல பேட்டரி தீரும்போது பாட்டு இழுத்து இழுத்து அடிக்குரல்ல பாடுமே, ஞாபகம் இருக்கா? வேகம் குறைஞ்சா சுருதி இறங்கும், வேகம் கூடினா ஏறும். ஆனா கூடவே பாட்டோட நீளமும் மாறிடும். மேடையில அது ஆகாது. நீங்க இப்ப அடிச்ச ஸ்வரம் இப்பவே கேட்கணும், நீளமும் மாறக்கூடாது, சுருதி மட்டும் மாறணும். 1970களின் நடுவில் ஈவண்டைட் கம்பெனியின் எச்910 இதை டிஜிட்டல்ல செஞ்சு காட்டினது. ஸ்டூடியோ ரேக்ல வைக்கற பெட்டி அது, காலால மிதிக்கற சமாச்சாரம் இல்லை.

செய்யற விதம் நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு சர்க்குலர் பஃபர். கிட்டார் சத்தம் ஒரு பாயிண்டர்ல உள்ள எழுதப்படுது, இன்னொரு பாயிண்டர் அதை வாசிச்சு வெளிய அனுப்புது. வாசிக்கற பாயிண்டர் ரெண்டு மடங்கு வேகத்துல ஓடினா சத்தம் ஒரு ஸ்தாயி மேல போகும். ஆனா ரெண்டு மடங்கு வேகத்துல ஓடற ஆள் முன்னாடி போறவனை முட்டிடுவான் இல்லையா? 50 மில்லிசெகண்ட் பின்னாடி கிளம்பினா அடுத்த 50 மில்லிசெகண்ட்ல முட்டிடும். அதனால முட்டறதுக்கு முன்னாடி பின்னால குதிக்கணும். சத்தத்தைக் கீழ இறக்கும்போது கதை தலைகீழ், மெதுவா ஓடற பாயிண்டர் பின்தங்கிட்டே போகும், முன்னால குதிக்கணும். இந்தக் குதிக்கற இடத்துல ஒட்டு தெரியாம ரெண்டு துண்டையும் ஒண்ணோட ஒண்ணு கரைச்சு ஒட்டறதுலதான் நல்ல பெடலுக்கும் மட்டமான பெடலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இருக்கு.

ஒரே ஒரு ஸ்வரம்னா ஒட்டறது சுலபம். அலையோட நீளம் என்னன்னு கண்டுபிடிச்சு, சரியா அந்த நீளத்துக்குக் குதிச்சா ஒட்டே தெரியாது. கார்டு வாசிச்சா? ஆறு கம்பியில ஆறு அலை, ஆறு நீளம். எங்க குதிச்சாலும் ஏதாவது ஒண்ணு உடையும். மட்டமான பெடல்ல கார்டு அடிச்சா தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி தள்ளாடுதே, அது இதுதான்.

"அப்ப ஃபூரியே போட்டு ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிரிச்சுடலாமே"ன்னு பின்பெஞ்சுல இருந்து ஒரு குரல் கேக்குது. பிரிக்கலாம். கிட்டாரோட தடிச்ச கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதுக்கு அடுத்த ஸ்தானம் சுமார் 87.3. ரெண்டுக்கும் வித்தியாசம் 5 ஹெர்ட்ஸ் கூட இல்லை. இதைப் பிரிச்சுப் பார்க்கணும்னா கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்ட் சத்தம் கையில இருக்கணும். நீங்க கம்பியை மீட்டி 200 மில்லிசெகண்ட் கழிச்சு சத்தம் வந்தா டிரம்மர் குச்சியைத் தூக்கி அடிப்பார். ஆக, தாமதம் வேணாம்னா ஒட்டுத் தெரியும், ஒட்டு வேணாம்னா தாமதம் வரும். கம்பெனிக்காரங்க எல்லாரும் இந்த ரெண்டுக்கும் நடுவுல பேரம் பேசித்தான் பெடல் செய்யறாங்க.

எவ்வளவு தாமதம் தாங்கலாம்? அந்தத் தடிச்ச கம்பியோட ஒரே ஒரு அலை முடியறதுக்கே 12 மில்லிசெகண்ட் ஆகுது. சத்தம் காத்துல ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். அப்ப 12 மில்லிசெகண்ட்னா ஆம்ப்ல இருந்து 4 மீட்டர் தள்ளி நிக்கற மாதிரி. மேடையில இது சாதாரணம். ஆனா இதோட வயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர், காதுல மாட்டற மானிட்டர்னு ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மில்லிசெகண்ட் சேர்த்தா வேகமான ரிஃப் வாசிக்கும்போது விரல் வழுக்கற மாதிரி ஒரு உணர்வு வரும். பெடல் மட்டும் தனியா நல்லா இருந்துச்சே, மேடையில ஏன் சொதப்புதுன்னு குழம்பறவங்க இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பாருங்க.

டிஜிட்டலே இல்லாம செஞ்ச காலமும் உண்டு. மூணாவது செமஸ்டர் லேப்ல ஃபிளிப்-ஃபிளாப் வச்சு அதிர்வெண்ணைப் பாதியாக்கினோமே, பாஸ் கம்பெனி 1982ல கொண்டு வந்த ஓசி-2 அதே தத்துவம்தான். ஒரு ஸ்தாயி கீழ, ரெண்டு ஸ்தாயி கீழ. ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம் மட்டும். ரெண்டு கம்பியைச் சேர்த்து அடிச்சா விக்கல் எடுக்கும். மேல ஒரு ஸ்தாயி வேணும்னா நாலு டையோடு போட்ட ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் ஞாபகம் இருக்கா, அலையோட கீழ்ப்பாதியை மேல மடிச்சா அதிர்வெண் ரெட்டிப்பாகும். ரோஜர் மேயர் செஞ்ச ஆக்டேவியா இந்த ரகம், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967ல 'பர்ப்பிள் ஹேஸ்' சோலோவுல உபயோகிச்சது. நாலு வருஷம் படிச்சதுல இது ரெண்டும் இப்படி உபயோகப்படும்னு அப்ப வாத்தியார் சொல்லியிருந்தா நான் கிளாஸ்ல தூங்கியிருக்க மாட்டேன்.

இப்ப கால்பெடல் கதைக்கு வருவோம். டிஜிடெக் கம்பெனி 1989ல கொண்டு வந்த வாமி. சிவப்புக் கலர், காலை அழுத்தினா ஸ்வரம் வழுக்கிட்டே மேல போகும். இதை வச்சு உருப்படியா ஏதாவது செஞ்சவங்க யாருன்னு பார்த்தா ஒரு விஷயம் புரியும். மொரெல்லோ ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் ஆல்பத்துல (1992) ரெண்டு ஸ்தாயி மேல தூக்கி கிட்டாரை சைரன் மாதிரி அலற விட்டார். டேவிட் கில்மோர் 1994ல 'மரூன்ட்'ல அதே பெடலை வச்சு, கம்பியை விரலால வளைச்சு எட்டவே முடியாத உயரத்துக்கு ஸ்வரத்தைப் பாட வச்சார். ஜாக் வைட் 2003ல 'செவன் நேஷன் ஆர்மி'ல ஒரு ஸ்தாயி கீழ இறக்கினார், உலகமே அதை பேஸ் கிட்டார்னு நம்பிச்சு. ஒரே பெட்டி, மூணு பேர், மூணு வேற வேற சத்தம். மூணு பேருக்குமே பெடலை மிதிக்கறதுக்கு முன்னாடி தலைக்குள்ள ஒரு சத்தம் இருந்திருக்கு. நம்ம தலைக்குள்ள இருக்கறது அவங்க வாசிச்ச அந்த மூணு சத்தம் மட்டும்தான். பத்து நாள்ல அலுத்துடும்.

வாங்கித்தான் தீருவேன்னா, கொஞ்சம் உழைக்கணும். கால்பெடலை ஒரு தனி வாத்தியம் மாதிரி பழகணும். பாதி அழுத்தி நடுவுல இருக்கற ஸ்வரத்துல நிறுத்தலாம்னு நினைக்காதீங்க, ஷூ போட்ட காலுக்கு அவ்வளவு நுணுக்கம் வராது. குதிகால் பக்கம் ஒரு ஸ்வரம், விரல் பக்கம் ஒரு ஸ்வரம். இந்த ரெண்டு முனையும் உங்க ராகத்துல வர்ற மாதிரி இடைவெளியைத் தேர்ந்தெடுத்துக்கணும். நடுவுல இருக்கறது வழி, அவ்வளவுதான். மெட்ரோனோம் வச்சு, அடிக்கு ஒரு மிதின்னு ஒரு வாரம் பழகுங்க. நேரத்துக்கு மேல போய்ச் சேர்ந்தா அழகு, கால் வினாடி லேட்டானா நாய்க்குட்டி ஊளை.

இந்த இடத்துல ஒரு கூட்டம் வரும். "பாஸு, இதை வச்சு கமகம் வாசிக்கலாமே!" (இந்த பாஸு கம்பெனி இல்லை.) வாசிச்சுப் பாருங்க. கமகம்ங்கறது ஒரே சீரான வழுக்கல் கிடையாது. எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, எந்த ஸ்வரத்தைத் தொட்டும் தொடாம திரும்புதுங்கறதுல ராகமே இருக்கு. விரல் நுனிக்கு அது வரும், கணுக்காலுக்கு வராது. கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கற பிரசன்னாவைக் கேளுங்க, விரல் கம்பி மேல வழுக்கறதுலயே அத்தனையும் இருக்கு. கால்பெடல் கமகம்ங்கறது மிக்ஸியில அரைச்ச அம்மிச் சட்னி.

அடுத்து ஹார்மனி பெடல். நீங்க ஒரு ஸ்வரம் வாசிச்சா, கூடவே மூணாவது ஸ்வரத்தையோ ஐந்தாவதையோ அதுவே சேர்த்துப் பாடும். பாஸ் பிஎஸ்-6 மாதிரி பெட்டிகள்ல எந்த ஸ்கேல்னு சொல்லிட்டா அதுக்கேத்த மாதிரி ஹார்மனி பண்ணும். மேற்கத்திய பாட்டுக்கு அருமை. ஆனா அதுக்குத் தெரிஞ்ச ஸ்கேல் மேஜர், மைனர். நம்ம ஊர்ல சங்கீதம் கத்துக்கற குழந்தை முதல் நாள் பாடற மாயாமாளவகௌளையை வாசிச்சுப் பாருங்க. ச-வுக்கு சரியாச் சொல்லும். ரி1 வந்ததும் முழிக்கும், மேஜர்ல அந்த ரிக்கு இடமே இல்லை. தைவதத்துலயும் அதே கதை. ஏதோ ஒரு பக்கத்து ஸ்வரத்தை நினைச்சுக்கிட்டு ஒரு ஜோடியைப் பிடிச்சு விடும், காதுல கல்லு கடிக்கும். சரி, மேஜர்ல இருக்கற பாட்டுதானே வாசிக்கறேன்னு சொன்னாலும், நீங்க விரலால இழுக்கும்போது உங்க ஸ்வரம் வழுக்கும், அது கூட்டிட்டு வர்ற ஸ்வரம் படிக்கட்டுல குதிச்சு வரும். ராகத்தை ஒட்டின சினிமாப் பாட்டு வாசிக்கறவங்க இந்த வகையில காசைப் போடாதீங்கன்னு அடிச்சுச் சொல்லுவேன். சுருதி, பஞ்சமம்னு நிலையான இடைவெளி மட்டும் போதும்னா ஸ்கேல் சொல்லவே வேண்டாம், அது எந்த பிட்ச் ஷிஃப்டர்லயும் வரும்.

ஸ்தாயி மட்டும் மாத்தற பெடல், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸோட பாக் வகையறா, நல்ல சாமான். கார்டு அடிச்சாலும் உடையாது, மேல கீழ ரெண்டும் கலந்தா ஆர்கன் மாதிரி வரும். பேஸ் கிட்டார் ஆள் லீவு போட்ட அன்னிக்கு ஆபத்பாந்தவன். அதுக்கு மேல அதைப் பத்தி எனக்கு சண்டை போட ஒண்ணும் இல்லை.

இப்ப நான் சொன்ன சப்பையான பெட்டி. டிஜிடெக் டிராப் மாதிரி. ஒரு குமிழ், ஒரு சுவிட்ச். குமிழைத் திருப்பினா மொத்த கிட்டாரும் ஒரு ஸ்தானத்துல இருந்து ஏழு ஸ்தானம் வரைக்கும் இறங்கும், அதுக்கு மேல ஒரு முழு ஸ்தாயி. வேற ஒரு வித்தையும் கிடையாது.

எங்க ஆபீஸ் குழுவுல பாடறவர் நாப்பது வயசைத் தாண்டினவர். டெஸ்டிங் டீம் லீட். ரெண்டு கட்டையில சும்மா பிளந்து கட்டுவார். 2023ல குரல் நாண்ல முடிச்சுன்னு ஒரு சின்ன ஆபரேஷன். மூணு மாசம் பேச்சே கம்மி, மீட்டிங்ல எல்லாம் சாட்லதான் பதில் வரும். திரும்பி வந்தப்ப டாக்டர் உச்சஸ்தாயில கத்தக்கூடாதுன்னுட்டார். குரல் ஒண்ணு கட்டைக்கு இறங்கிடுச்சு. குரலோட இனிமை அப்படியேதான் இருந்துச்சு, உயரம் மட்டும் இல்லை.

கீபோர்டு வாசிக்கறவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, டிரான்ஸ்போஸ் பட்டனை ரெண்டு தடவை கீழ தட்டினார், முடிஞ்சது. நம்ம ஊர் லைட் மியூசிக் மேடைகள் ஓடறதே அந்த பட்டன்லதான். பேஸ் ஆள் ரெண்டு ஃப்ரெட் பின்னாடி போயிட்டார். கிட்டாருக்கு? கேப்போ போட்டா சுருதி ஏறும், இறங்காது. எங்க பாட்டுல பாதி ரிஃப் திறந்த கம்பியில நிக்குது, அதை வேற இடத்துல வாசிச்சா சத்தமே மாறிடும். கம்பியைத் தளர்த்தலாம்னா எல்லாப் பாட்டும் ஒரே அளவு இறங்கல, சிலது அப்படியே, சிலது ரெண்டு ஸ்தானம், ஒண்ணு மூணு ஸ்தானம். பாட்டுக்குப் பாட்டு மேடையில நின்னு பிருடையைத் திருகிட்டு இருந்தா ஜனங்க சமோசா வாங்கப் போயிடுவாங்க.

அப்பத்தான் குழுவுல ரெண்டு பேர் மெதுவா ஆரம்பிச்சாங்க. புது பேட்ச்ல ஒரு பையன் நல்லாப் பாடறானாமே, ஒரிஜினல் சுருதியிலயே பாடறானாமே, இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு அவனைப் போட்டா என்ன? யாரும் கெட்டவங்க இல்லை. சவுகரியம் பேசுது. கிட்டார்காரன் நான் சுருதி மாத்த முடியாதுன்னு சொன்னா அவங்களுக்கு அது ஒரு நல்ல காரணம். ஒரு மனுஷன் எட்டு வருஷமா பாடிட்டிருந்த இடத்தை விட்டுப் போறதுக்கு என் கிட்டாரோட திறந்த கம்பி காரணமா இருக்கணுமான்னு தோணிச்சு. அந்தப் பெட்டியை வாங்கினேன். ரெண்டு ஸ்தானம், மூணு ஸ்தானம்னு பாட்டுப் பட்டியல் பக்கத்துலயே எழுதி ஒட்டிக்கிட்டேன். பாட்டுக்கு நடுவுல குனிஞ்சு குமிழைத் திருப்ப ரெண்டு வினாடி. அவர் பாடினார். புதுப் பையனும் கூட ஒரு பாட்டு பாடினான், நல்லாத்தான் பாடறான்.

"இது ஏமாத்து வேலை, கிட்டாரோட தொனி செத்துடும்"னு ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. ரெண்டு மூணு ஸ்தானம் வரைக்கும் கூட்டத்துல யாருக்கும் தெரியாது. நாலைத் தாண்டினா மீட்டற முனை மழுங்கி ரப்பர் மாதிரி ஆகும். ஏழுல வாசிச்சா மெட்டல் பாட்டுக்கு ஒரு வேடிக்கையா இருக்கும், மெலடிக்கு ஆகாது. ஏமாத்து வேலைங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கீபோர்டுக்காரர் பட்டன் அமுக்கினா வித்தை, நான் அமுக்கினா ஏமாத்தா?

இதுல யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. வீட்டுல சத்தம் குறைச்சு வச்சு வாசிச்சா, கம்பியோட சொந்த சத்தமும் காதுல விழும், ஆம்ப்ல இருந்து ஒரு ஸ்தானம் இறங்கின சத்தமும் விழும். ரெண்டும் சேர்ந்து கர்ண கொடூரமா இருக்கும். பெடல் ரிப்பேர்னு திருப்பிக் கொண்டு போயிடாதீங்க. காதை மூடற ஹெட்ஃபோன் போடுங்க, இல்லைன்னா ஆம்பைக் கொஞ்சம் ஏத்துங்க. இதே காரணத்தால அக்கூஸ்டிக் கிட்டார்ல இது சுகப்படாது, பெட்டியே பாடிட்டிருக்குமே.

இணைக்கற வரிசை: முதல்ல டியூனர், அப்புறம் பிட்ச் பெடல், அதுக்கு அப்புறம் டிஸ்டார்ஷன், டிலே, ரிவர்ப். டியூனரைப் பின்னால போட்டா இறங்கின ஸ்வரத்தைத்தான் காட்டும், குழம்பிடுவீங்க. டிஸ்டார்ஷனை முன்னால போட்டா பெட்டிக்குள்ள போறது ஒரே இரைச்சல் கூட்டம், அதுல எந்த அலையைப் பிடிக்கறதுன்னு பாவம் அதுக்கே தெரியாது. கம்ப்ரஸர் இருந்தா பிட்ச் பெடலுக்கு முன்னால வைங்க, ஒரே அளவு சத்தம் போனா பிடிமானம் நல்லா இருக்கும். பழைய ஓசி-2 வகைக்கு கழுத்துப் பக்கத்து பிக்கப், டோன் குமிழை கொஞ்சம் மூடி வைங்க, விக்கல் குறையும்.

கடையில சோதிக்கும்போது உங்க கிட்டாரையே எடுத்துட்டுப் போங்க. கடைப் பையன் வாசிச்சுக் காட்டறதைக் கேட்டு மயங்காதீங்க, அவன் அந்தப் பெடல்ல எது நல்லா இருக்கும்னு தெரிஞ்சு அதை மட்டும் வாசிப்பான். தடிச்ச கம்பியில வேகமா ஒரு ரிஃப், தாமதம் தெரியும். ஆறு கம்பியும் சேர்த்து ஒரு கார்டு அடிச்சு முழுசா அடங்கற வரைக்கும் விடுங்க, வால்ல தள்ளாட்டம் தெரியும். இந்த ரெண்டும் போதும். மாசக் கடைசின்னா கால்பெடல் ஒட்டியே வர்ற சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகள் பலதுலயும் இந்த வித்தை ஒரு மூலையில இருக்கும், ஆறு மாசம் அதுல ஆசையைத் தீர்த்துக்கிட்டு அப்புறம் பெரிசு வாங்கலாம்.

பழசு வாங்கறவங்க அடாப்டரை முதல்ல பாருங்க. நாலாவது தலைமுறை வாமி 9 வோல்ட் ஏசி கேட்கும், ஐந்தாவது தலைமுறை 9 வோல்ட் டிசி. முள்ளு நுழையுதேன்னு எதையாவது சொருகிடாதீங்க. டிஜிட்டல் பெடல் எல்லாமே கரண்டைக் குடிக்கற ஜாதி, மத்த பெடலோட ஒரே வயர்ல மாலை கட்டினா உய்ய்ய்னு ஒரு சத்தம் வரும், தனி லைன் கொடுங்க. டிஜிடெக்கை 2022ல கோர்ட் கிட்டார் செய்யற கொரிய கம்பெனி வாங்கிடுச்சு, அதுக்கு முந்தின சரக்கை யாராவது "இனிமே கிடைக்காது சார், அபூர்வம்"னு ரெட்டை விலை சொன்னா சிரிச்சுட்டு நகருங்க.

அட்டைப் பெட்டிக்குள்ள தூங்குற அந்த மூணு வாமில ஒண்ணு விலைக்கு வருது. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன். கமகத்துக்குன்னா மட்டும் கேக்காதீங்க :)